எண்ணி முடித்த பிறகும் எழுந்து போகாதீர்கள்

2012 ஜனவரி 3ஆம் தேதி இரவு அயோவா மாநிலத்தில் குடியரசுக் கட்சியின் காக்கஸ் கூட்டங்கள், அதாவது அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல் படியான ஊர்க் கூட்டங்கள், நடந்தன. ரான் பாலுக்கு விழுந்த வாக்குகள் 26,036. சதவீதத்தில் 21ஐச் சற்றே தாண்டிய மூன்றாவது இடம். அதே ஆண்டு ஆகஸ்டில் டாம்பாவில் வேட்பாளரை இறுதியாக முடிவு செய்யும் கட்சியின் தேசிய மாநாடு கூடியபோது அயோவாவின் 28 பிரதிநிதிகளில் 22 பேர் அவர் பெயரைச் சொன்னார்கள். இடையில் மாயமும் நடக்கவில்லை, மோசடியும் நடக்கவில்லை. ஜனவரி இரவில் வாக்குச்சீட்டைப் போட்டதும் பெரும்பாலானோர் காரை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். ரான் பாலின் ஆட்கள் மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

ஜெயிக்க வாய்ப்பில்லை என்று எல்லோரும் சொல்லும் வேட்பாளருக்காக உழைக்க நினைப்பவர்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதுதான். ஆர்வம் தானாகவே கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு ஓடும். பாலத்தின் மேல் பதாகை, இணையக் கருத்துக்கணிப்பு, தெருமுனையில் கையாட்டம். பலன் தருவது கண்ணுக்குத் தெரியாத இடத்தில்: கையெழுத்துத் தாள், பள்ளிக்கூட உணவறையில் நடக்கும் வட்டக் கூட்டம் (வட்டம் என்பது ஒரு வாக்குச்சாவடிப் பகுதி), இரவு பத்து மணிக்கும் முடியாத மாவட்ட மாநாடு. 2008, 2012 என இரண்டு முறை நடந்த ரான் பாலின் பிரச்சாரத்தில் எது வேலை செய்தது, எது வீணானது என்பதை வைத்தே இந்தக் கட்டுரை.

ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: டெக்சாஸிலிருந்து காங்கிரஸுக்குப் போன மகப்பேறு மருத்துவர். 1988இல் சுதந்திரவாதம் பேசும் லிபர்டேரியன் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்று அரை சதவீதத்துக்கும் குறைவாக வாங்கினார். பின்னர் இரண்டு முறை குடியரசுக் கட்சிக்குள்ளேயே போட்டியிட்டார். வெளிநாட்டுப் போர்களை நிறுத்து, மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வைத் தணிக்கை செய், அரசின் அளவைக் குறை என்பவை அவருடைய பேச்சின் மூன்று தூண்கள். 2012 திட்டத்தில் முதல் ஆண்டிலேயே ஒரு லட்சம் கோடி டாலர் செலவைக் குறைப்பதாகவும் ஐந்து மத்தியத் துறைகளை மூடுவதாகவும் எழுதியிருந்தார். கட்சித் தலைமைக்கு இதில் பாதிகூடப் பிடிக்காது. அதனால்தான் விதிமுறைப் புத்தகம் அவருடைய ஆதரவாளர்களுக்கு மற்ற யாரையும்விட அதிகம் தேவைப்பட்டது.

யாருக்கு என்ன உரிமை

அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் பலருக்கு இந்த இடத்தில்தான் தடுமாற்றம். குடியுரிமை பெற்றவர் எல்லாம் செய்யலாம். கிரீன் கார்டு வைத்திருப்பவர் நன்கொடை தரலாம், தொண்டு செய்யலாம், வாக்களிக்கக் கூடாது. எச்-1பி, மாணவர் விசா போன்றவற்றில் இருப்பவர் ஒரு டாலர்கூடத் தரக்கூடாது. பிரச்சாரச் சட்டை வாங்கினாலும் அது நன்கொடைக் கணக்கில்தான் சேரும். சம்பளம் வாங்காமல் கதவு தட்டுவதோ தொலைபேசியில் பேசுவதோ செய்யலாம். பணத்தை எப்படிச் செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் உட்காரக் கூடாது.

காக்கஸ் ‘வெறும் கட்சிக் கூட்டம்தானே’ என்று நினைத்து, குடியுரிமை இல்லாதவர் ஆர்வத்தில் பதிவுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடும் ஆபத்து உண்டு. அங்கே வாசலில் நிரப்பச் சொல்வது வாக்காளர் பதிவுப் படிவம். குடியுரிமை இல்லாதவர் அதில் கையெழுத்திட்டால் குடியேற்ற வழக்கு நாடுகடத்தல் வரை போகலாம். கூட்டத்துக்கு ஆள் அழைத்து வருபவர் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

குடிமக்களுக்கு வரும் சிக்கல் வேறு: கட்சிப் பதிவு. அயோவாவில் கூட்டத்தின் வாசலிலேயே கட்சி மாறிக்கொள்ளலாம். நவம்பர் தேர்தலுக்குள் 18 வயதாகிவிடும் என்றால் 17 வயதுக்காரரும் வாக்களிக்கலாம். நியூ ஹாம்ப்ஷயரில் எந்தக் கட்சியும் சாராதவராகப் பதிந்தவர் எந்தக் கட்சியின் பிரைமரியிலும் (வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தல்) வாக்களித்துவிட்டு, போகும்போதே ஒரு படிவம் நிரப்பிப் பழையபடி சாராதவராகிவிடலாம். நியூ யார்க்கில் அந்தக் காலத்தில் கட்சி மாறுவதற்கான கெடு முந்தைய ஆண்டு அக்டோபரிலேயே முடிந்துவிடும். ஏப்ரலில் வாக்களிக்க வேண்டியவருக்கு ஆறு மாதம் முன்பே கதவு சாத்தப்பட்டுவிடும். 2016இல் டிரம்ப்பின் சொந்தப் பிள்ளைகள் இருவரே இந்தக் கெடுவைத் தவறவிட்டுத் தந்தைக்கு வாக்களிக்க முடியாமல் போனார்கள். சுதந்திரவாதம் பேசும் வேட்பாளருக்கு வரும் ஆதரவில் பெரும்பகுதி கட்சி சாராதவர்கள், முதல்முறை வாக்காளர்கள். ஆகவே முதல் மூன்று மாத வேலை கொள்கை விளக்கம் அல்ல, பதிவுப் படிவம். தெரிந்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதி, எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: பதிவாகியிருக்கிறாரா, சரியான கட்சியிலா, இப்போதைய முகவரியிலா. மூன்றும் நிரம்பாத பெயர் ஆதரவாளர் கணக்கில் வராது.

கையெழுத்துத் தாள்

2012இல் வர்ஜீனியா பிரைமரியின் வாக்குச்சீட்டில் இரண்டே பெயர்கள்: மிட் ராம்னி, ரான் பால். நியூட் கிங்ரிச்சும் ரிக் பெர்ரியும் மனு கொடுத்தும் தேறவில்லை. மற்றவர்கள் தாக்கல்கூடச் செய்யவில்லை. கிங்ரிச்சின் வீடே வர்ஜீனியாவில்தான் இருந்தது. தேவைப்பட்டது 10,000 செல்லுபடியான கையெழுத்துகள். அதில் 11 காங்கிரஸ் தொகுதிகள் ஒவ்வொன்றிலிருந்தும் குறைந்தது 400. கெடு 2011 டிசம்பர் 22.

பத்தாயிரம் வேண்டும் என்றால் பத்தாயிரம் வாங்கினால் போதும் என்று நினைப்பதில்தான் எல்லாம் கவிழ்கிறது. கடைவீதியில் நின்று வாங்கும் கையெழுத்துகளில் நான்கில் ஒன்று அடிபடும் என்று வைத்துக்கொள்வது நல்லது. சில இடங்களில் மூன்றில் ஒன்று. காரணங்கள் திரும்பத் திரும்ப அவையேதான். ஒருவர் தான் பதிவாகியிருப்பதாக நினைக்கிறார், பதிவு இல்லை. வீடு மாறிவிட்டார், பதிவு பழைய முகவரியில் இருக்கிறது. பக்கத்துத் தொகுதிக்காரர். எழுத்து புரியவில்லை. வீட்டு முகவரிக்குப் பதில் தபால்பெட்டி எண். ஒரே ஆள் மறந்துபோய் இரண்டு இடத்தில் போட்டுவிட்டார். இவை எல்லாவற்றையும்விடக் கொடுமை, தாளைச் சுற்றுக்கு விட்டவர் தன் உறுதிமொழியை நோட்டரி முன் போட மறந்தது. அப்போது ஒரு பெயர் அல்ல, அந்தத் தாள் முழுதும் போகும்.

ஆகவே இலக்கை ஒன்றரை மடங்காக வைத்துக்கொள்ளுங்கள்; தொகுதிவாரிக் குறைந்தபட்சத்தை இரண்டு மடங்காக. மொத்தக் கணக்கில் தாராளமாக இருந்தும் ஒரே ஒரு கிராமப்புறத் தொகுதியில் 380இல் நின்றுவிட்டால் மனு செத்துவிடும். நகரத்துத் தொண்டர்கள் நகரத்திலேயே வாங்கிக் குவிப்பார்கள். மலைப்பக்கத் தொகுதி காலியாகக் கிடக்கும். வாரம் ஒருமுறை தொகுதிவாரியாக எண்ணிச் சுவரில் ஒட்டுங்கள். வாங்கிய தாள்களை அன்றிரவே வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டுச் செல்லாததைப் பென்சிலால் குறியுங்கள். அடிக்கவோ திருத்தவோ கூடாது, குறிக்க மட்டும்தான். கடைசி வாரத்தில் ஒப்பிடத் தொடங்கினால் உண்மை தெரியும்போது நேரம் இருக்காது.

வாங்குவதற்குச் சிறந்த இடம் இன்னொரு தேர்தலின் வாக்குச்சாவடி வாசல். நவம்பரில் நடக்கும் உள்ளாட்சி, மாநிலத் தேர்தல் நாளில் அங்கு வரும் ஒவ்வொருவரும் பதிவான வாக்காளர், அந்தப் பகுதிக்காரர். செல்லாத கையெழுத்து அங்கே வெகுவாகக் குறையும். வாசலிலிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். வர்ஜீனியாவில் 40 அடி, டெக்சாஸில் 100 அடி. அளவுநாடா எடுத்துப்போங்கள். ‘இதில் கையெழுத்துப் போட்டால் இவருக்கு வாக்களிப்பதாக அர்த்தமில்லை, வாக்குச்சீட்டில் பெயர் வரட்டும் என்பதற்கு மட்டும்தான்’ என்ற ஒரு வாக்கியம் போதும். கொள்கை விவாதத்தில் இறங்கினால் ஒரு கையெழுத்துக்கு ஆகும் நேரத்தில் ஐந்து பேர் கடந்து போய்விடுவார்கள்.

வர்ஜீனியாவில் ரான் பால் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கினார், மூன்று பிரதிநிதிகளையும் பெற்றார். வேறு எதிரி இல்லாததால் கிடைத்த வாக்கு அதில் நிறைய என்பது உண்மை. ஆனால் அந்த வாய்ப்பை அவருக்குத் தந்தது இலையுதிர் காலம் முழுக்கத் தாளோடு தெருவில் நின்றவர்கள்தான்.

பணம் வந்த நேரம்

2007 நவம்பர் 5ஆம் தேதி ஒரே நாளில் 40 லட்சம் டாலருக்கு மேல். டிசம்பர் 16, பாஸ்டன் தேநீர்க் கிளர்ச்சியின் நினைவு நாள், 60 லட்சம். இந்த ‘மணி பாம்’ நாள்களை ஏற்பாடு செய்தது பிரச்சார அலுவலகம் அல்ல, ஆதரவாளர்களே. அந்தக் காலாண்டில் குடியரசுக் கட்சி வேட்பாளர்களில் அதிகம் திரட்டியவர் அவர்; கிட்டத்தட்ட இரண்டு கோடி டாலர். ஆனாலும் 2008 ஜனவரியில் அயோவாவில் சுமார் 10 சதவீதம், நியூ ஹாம்ப்ஷயரில் சுமார் 8. இரண்டிலும் ஐந்தாவது இடம்.

பணம் வந்தது, வந்த நேரம் தப்பு. டிசம்பர் நடுவில் கையில் வரும் கோடிகளை வைத்து விளம்பர நேரம் வாங்கலாம். வட்டத்துக்கு ஒரு ஆளை வாங்க முடியாது. அயோவாவில் 2012இல் 1,774 வட்டங்கள். ஒவ்வொன்றிலும் உள்ளூர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து, பயிற்சி கொடுத்து, பட்டியலைக் கையில் கொடுக்கக் குறைந்தது ஆறு மாதம் ஆகும். ஆகவே மாதம் 25 டாலர் என்று ஏப்ரலிலேயே தொடங்குபவர், டிசம்பரில் 500 டாலர் ஒரே நாளில் தருபவரைவிடப் பயனுள்ளவர். மணி பாம் வைக்கத்தான் வேண்டும், செய்தியாகும். ஆனால் அதைக் கோடையில் வையுங்கள்.

அந்த டிசம்பரில் ஆதரவாளர்கள் பணம் போட்டு வாயு நிரப்பிய ஆகாயக் கப்பல் ஒன்றையும் பறக்கவிட்டார்கள், வேட்பாளரின் பெயர் எழுதி. அழகாகத்தான் இருந்தது. அதில் போன பணமும் உழைப்பும் அயோவாவின் நூறு வட்டங்களுக்குப் போயிருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சட்டக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். பிரைமரிக்கு ஒருவர் ஒரு வேட்பாளருக்குத் தரக்கூடிய உச்சவரம்பு 2008இல் 2,300 டாலர், 2012இல் 2,500, 2024இல் 3,300. மொத்தம் 200 டாலரைத் தாண்டினால் பெயர், முகவரி, தொழில், வேலை தரும் நிறுவனம் எல்லாம் பொதுப் பதிவேட்டில் ஏறும். ரொக்கமாக 100 டாலருக்கு மேல் வாங்கக் கூடாது. கம்பெனிக் காசோலை கூடவே கூடாது. சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் பழக்கதோஷத்தில் கடைக் கணக்கிலிருந்து எழுதிவிடுவார்கள், திருப்பி அனுப்பும் வேலை அலுவலகத்துக்கு. ஒருவர் பணத்தை இன்னொருவர் பெயரில் கொடுப்பது குற்றம்.

வைக்கோல் வாக்கு

ஸ்ட்ரா போல் எனப்படும் மாதிரி வாக்கெடுப்புகள் பற்றி ஒரு பத்தி போதும். 2011 ஆகஸ்டில் அயோவாவின் ஏம்ஸ் நகரில் மிஷேல் பாக்மனிடம் ரான் பால் தோற்றது 152 வாக்கில்: 4,823க்கு 4,671. கூடாரம் போட நல்ல இடத்துக்காக மட்டும் பிரச்சாரம் 31,000 டாலர் கொடுத்தது. நுழைவுச்சீட்டு தலைக்கு 30 டாலர். ஜெயித்த பாக்மன் ஜனவரியில் ஆறாவது இடத்துக்குப் போய் விலகினார். ஆனால் அன்று பேருந்தில் வந்த நாலாயிரத்துச் சொச்சம் பேரின் பெயரும் தொலைபேசி எண்ணும் உண்மையான சொத்து. மாதிரி வாக்கெடுப்பைப் பட்டியல் சேர்க்கும் நாளாகப் பாருங்கள்.

கதவு தட்டும்போது

ஒரு மணி நேரத்தில் 15 முதல் 20 கதவுகள் தட்டலாம்; நான்கில் ஒன்றுதான் திறக்கும். ஞாயிறு காலை போகாதீர்கள், சர்ச் நேரம். வார நாளில் மாலை ஐந்து முதல் எட்டு. சனிக்கிழமை காலை பத்துக்குப் பிறகு. தபால்பெட்டிக்குள் துண்டறிக்கை போடுவது மத்தியச் சட்டப்படி தப்பு, கதவுப்பிடியில் மாட்டுங்கள். கையில் இருக்க வேண்டியது அந்தத் தெருவின் வாக்காளர் பட்டியல், பேனா, தாள் அட்டை. ஒவ்வொரு பெயருக்கும் 1 முதல் 5 வரை எண்: நிச்சயம் நம்மவர், சாய்கிறார், தெரியவில்லை, வேறு பக்கம் சாய்கிறார், நிச்சயம் எதிர். 3 என்று எழுத வெட்கப்படாதீர்கள். மரியாதைக்குத் தலையாட்டியவரை 1 என்று எழுதும் தொண்டரால்தான் கடைசி நாள் கணக்கு பொய்க்கிறது. ‘பார்க்கலாம்’ என்றால் 3. ‘நல்ல மனிதர், ஆனால்’ என்றால் 4.

பேச ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். தங்க நாணய முறை, வட்டி விகிதம், அரசியலமைப்பின் பத்தாவது திருத்தம் என்று மூன்றையும் ஒரே மூச்சில் கொட்டுவது லிபர்டேரியன் தொண்டரின் பரம்பரை வியாதி. கேளுங்கள் முதலில்: ‘உங்களுக்கு இந்தத் தேர்தலில் எது முக்கியம்?’ மகன் ராணுவத்தில் இருக்கும் தாயிடம் போர்ச் செலவு. ஓய்வூதியர் கேட்பது தன் சேமிப்பின் மதிப்பை. அயோவா விவசாயி எத்தனால் மானியம் பற்றிக் கேட்பார். ரான் பால் மானியங்களுக்கு எதிரானவர். அதை மறைக்காதீர்கள். ‘ஆமாம், எதிர்க்கிறார், எல்லா மானியத்தையும் ஒரே மாதிரி எதிர்க்கிறார்’ என்று சொன்னால் வாக்கு கிடைக்காமல் போகலாம், மரியாதை கிடைக்கும், மனைவியின் வாக்கு சில நேரம் கிடைக்கும்.

எந்த வேட்பாளருக்கும் ஒரு மோசமான கேள்வி உண்டு. இவருக்கு அது, 1980களின் பிற்பகுதியிலும் 90களின் தொடக்கத்திலும் அவர் பெயரில் வெளிவந்த செய்திமடல்கள். அவற்றில் இனவெறி வரிகள் இருந்தன. 2008 ஜனவரி 8ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷயர் வாக்குப்பதிவு நாளிலேயே, அவை பெரிதாகக் கிளம்பின. 2011 டிசம்பரில் மறுபடியும். தான் எழுதவில்லை, ஏற்கவில்லை, தன் பெயரில் வந்ததற்குப் பொறுப்பேற்கிறேன் என்பது அவருடைய பதில். கதவடியில் நிற்பவர் இதைத் தெரிந்திருக்க வேண்டும். ‘ஊடகச் சதி’ என்று ஆரம்பித்தால் கதவு மூடிக்கொள்ளும். அந்த வரிகள் அசிங்கமானவை என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு, அவர் சொன்ன பதிலை அப்படியே சொல்லி நிறுத்துவதே நேர்மை.

2012 அயோவா நுழைவுக் கணிப்பில் (காக்கஸுக்குள் நுழைபவர்களிடம் கேட்டு எடுப்பது) 30 வயதுக்குட்பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அவர் பக்கம். 65 தாண்டியவர்களில் பத்தில் ஒருவர் போல. காக்கஸ் நாள் கல்லூரிக் குளிர்கால விடுமுறையில் வந்ததால் மாணவர்கள் பல்கலைக்கழக ஊர்களில் இல்லை, மாநிலம் முழுக்கத் தத்தம் வீட்டில். ஆகவே மாணவர் பட்டியலில் விடுதி முகவரியோடு வீட்டு முகவரியையும் நவம்பரிலேயே வாங்கி வைக்க வேண்டும். வாங்காத குழுவுக்கு ஜனவரியில் அந்தப் பெயர்கள் பயன்படாது.

காக்கஸ் இரவு

இரவு ஏழு மணிக்குத் தொடங்கும். ஆறரைக்கே உள்ளே இருங்கள். வேட்பாளர்களுக்காக ஒவ்வொருவர் சில நிமிடம் பேசலாம். பேச்சை முன்பே எழுதி, கடிகாரம் வைத்துப் படித்துப் பாருங்கள். அந்த வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த முகம் பேச வேண்டும். வெளிமாநிலத்திலிருந்து வந்த உற்சாகமான இளைஞர் பேசினால் கேட்பவர்கள் முகம் சுருங்கிவிடும்.

பிறகு வெற்றுத்தாளில் பெயர் எழுதி வாக்கு. எண்ணும் இடத்தில் ஒவ்வொரு தரப்பும் பார்வையாளர் வைக்கலாம், வையுங்கள். தலைவர் நிரப்பும் முடிவுப் படிவத்தைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இது வெறும் சந்தேகப் புத்தி இல்லை. 2012இல் முதலில் ராம்னி எட்டு வாக்கில் முன்னிலை என்றார்கள். இரண்டு வாரம் கழித்து ரிக் சாண்டோரம் 34 வாக்கு முன்னிலை என்றார்கள். எட்டு வட்டங்களின் சான்றளித்த படிவமே கிடைக்கவில்லை. மெய்ன் மாநிலத்தில் ராம்னிக்கும் ரான் பாலுக்கும் 194 வாக்கு வித்தியாசம் என்று பிப்ரவரி 11 அன்று அறிவித்தபோது, பனியால் தள்ளிவைக்கப்பட்ட ஊர்களின் கூட்டம் நடந்தே முடியவில்லை.

இனிதான் முக்கியமான அரைமணி நேரம். அன்றைய விதிப்படி அயோவாவில் அந்த வாக்கு யாரையும் கட்டுப்படுத்தாது. மாவட்ட மாநாட்டுக்கு யார் போகிறார் என்பதை, வாக்கு முடிந்த பிறகு மண்டபத்தில் மிச்சமிருப்பவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். எண்பது பேர் வந்த கூட்டத்தில் இருபது பேர் இருப்பார்கள். அதில் பன்னிரண்டு பேர் உங்களவர் என்றால் இடங்கள் எல்லாம் உங்களுடையவை. பல வட்டங்களில் இடத்துக்குப் போட்டியே இருக்காது, ‘யாராவது போகிறீர்களா’ என்று தலைவர் கெஞ்சுவார். கை தூக்கினால் போதும். மாற்றுப் பிரதிநிதி இடங்களையும் நிரப்புங்கள். மார்ச் மாதம் ஒருவருக்குக் காய்ச்சல் வரும், ஒருவருக்கு வேலை வரும்.

குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டும், நாளை அதிகாலை வேலை என்று கிளம்புபவர்களை முன்பே பேசி நிறுத்தி வைப்பது வட்டப் பொறுப்பாளரின் கடமை. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள ஒருவர், திரும்பிப் போகக் கார், எட்டரைக்கு ஒரு பெட்டி பீட்சா. இந்த மூன்றும் துண்டறிக்கை ஆயிரத்தைவிட அதிகப் பிரதிநிதிகளைத் தந்திருக்கும்.

மாநாட்டுத் தளம்

வட்டத்திலிருந்து மாவட்டம், அங்கிருந்து காங்கிரஸ் தொகுதி, பிறகு மாநில மாநாடு. ஒவ்வொரு படியிலும் ஆள் உதிரும். யார் கடைசிவரை வருகிறார் என்பதே போட்டி. மினசோட்டாவில் பிப்ரவரி இரவில் 27 சதவீதம் வாங்கிய ரான் பால் தரப்பு, மே மாதம் செயின்ட் கிளவுடில் மாநில மாநாடு முடிந்தபோது 40இல் 32 இடங்களைக் கையில் வைத்திருந்தது.

மாநாட்டுக்குப் போகுமுன் இரண்டு புத்தகம்: மாநிலக் கட்சியின் விதிகள், கூட்ட நடைமுறைக்கான ராபர்ட் விதிகள். முழுதும் மனப்பாடம் வேண்டாம். நான்கு கருவிகள் கைவசம் இருக்கட்டும். விதி மீறப்பட்டால் உடனே ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவது. அடுத்த வேலை தொடங்கிவிட்டால் பெரும்பாலும் காலம் கடந்துவிடும். தலைவரின் தீர்ப்பை எதிர்த்து அவையிடம் முறையிடுவது; இதற்கு வழிமொழிய ஒருவர் வேண்டும், சமநிலை வந்தால் தலைவரின் தீர்ப்பே நிற்கும். குரல் வாக்கெடுப்பில் சந்தேகம் என்றால் எழுந்து நிற்கச் சொல்லிப் பிரித்துப் பார்க்கக் கோருவது. இதை ஒரே உறுப்பினர் கேட்டாலும் போதும். விவாதத்தை முடித்து வாக்கெடுக்கக் கோருவது. மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்.

முதல் வாக்கெடுப்பே பெரும்பாலும் மாநாட்டுத் தலைவர் யார் என்பது. அதில் தோற்றால் அன்று முழுக்க மலையேற்றம்தான். ஆகவே காலை எட்டு மணிக்கு வரவேண்டியவர் பத்து மணிக்கு வந்தால் வராததற்குச் சமம். உங்கள் தரப்புப் பிரதிநிதிப் பட்டியலை அச்சடித்து, உங்களவர்க்கு நன்றாகத் தெரிந்த ஒருவர் கையாலேயே கொடுங்கள். போலிப் பட்டியல் சுற்றுக்கு வரும். அதே நிறம், அதே எழுத்து, பெயர் மட்டும் வேறு. கடைசி நிமிடம் வரை தாளின் நிறத்தை ரகசியமாக வைத்திருப்பது நல்ல பழக்கம். வாக்குகளைச் சிதறவிடாதீர்கள்: 13 இடத்துக்கு 13 பெயர். நண்பர் என்பதற்காகப் பதினான்காவது பெயரைச் சேர்த்தால் இரண்டு பேரும் போவார்கள்.

எதிர்த்தரப்பு செய்யக்கூடியது என்ன? 2008 ஏப்ரலில் ரீனோவில் நெவாடா மாநில மாநாட்டில் ரான் பால் தரப்பு விதியைத் திருத்தித் தளத்தைக் கைப்பற்றியதும், கட்சி நிர்வாகம் கூட்டத்தை ஒத்திவைத்தது. அது மறுபடி கூடவே இல்லை. 2012 ஜூனில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் மண்டபத்துக்குள்ளேயே மோதல் நடந்து, போலீஸ் நுழைந்து, இரண்டு தனித்தனி மாநாடுகளாக முடிந்தது. மெய்னில் 24 இடங்களில் 21ஐ வென்றார்கள்; டாம்பாவில் கட்சி அதில் 10 பேரை மாற்றிவிட்டது. இப்படிப்பட்ட வழக்குகளில் உணர்ச்சிப் பேச்சுக்கு மதிப்பில்லை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், வருகைப் பதிவு எத்தனை, கோரம் (கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை) இருந்ததா, எந்தத் தீர்மானம் எத்தனைக்கு எத்தனை என்று நேரம் போட்டு எழுதிய குறிப்பும், இடைவிடாத காணொளியும்தான் பேசும். ஒரு ஆளை இதற்கென்றே நியமியுங்கள். அவர் கோஷம் போடக்கூடாது, கை தட்டக்கூடாது, எழுத மட்டும்தான்.

அடக்கமும் ஒரு கருவி. மேடையைப் பார்த்துக் கூச்சலிடும் ஒவ்வொரு முறையும், நடுவில் இருக்கும் பழைய கட்சிக்காரர் ஒருவர் எதிர்ப்பக்கம் நகர்கிறார். அவர் முப்பது ஆண்டாக அந்தக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டவர். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்திருக்க வேண்டும்.

தேசிய மாநாட்டுக்குப் போகும் செலவு பிரதிநிதியின் தலையில். விமானம், ஐந்து இரவு விடுதி, உணவு என்று பெரிய தொகை. விடுதியைக் கட்சி ஒதுக்கும், மலிவானதைத் தேட முடியாது. இளைஞர்களை அனுப்பும்போது மே மாதமே ஊரில் நிதி திரட்டத் தொடங்குங்கள்.

டாம்பாவில் மாநிலம் மாநிலமாக அழைத்து வாக்கு எண்ணியபோது மாநிலங்கள் சொன்ன ரான் பால் வாக்குகளை மேடை திரும்பச் சொல்லவில்லை. ராம்னியின் எண்ணை மட்டும் சொன்னது. அதைவிடப் பெரிய அடி விதியில் விழுந்தது. ஒருவர் பெயரை மாநாட்டில் முன்மொழிய அதுவரை ஐந்து மாநிலங்களில் முன்னிலை போதும். அதை எட்டு மாநிலங்களில் அறுதிப் பெரும்பான்மை என்று மாற்றினார்கள். மாநில அளவில் நடக்கும் விருப்ப வாக்கெடுப்பு இனிப் பிரதிநிதிகளைக் கட்டுப்படுத்தும் என்றும் விதி வந்தது. அயோவாவில் உட்கார்ந்திருந்து 22 வாங்கிய வழி 2016இலிருந்து அடைபட்டுவிட்டது. இன்று ஒருவர் 2012இன் திட்டத்தை அப்படியே பிரதி எடுத்தால் தோற்பார். தன் மாநிலத்தின் இந்த ஆண்டு விதியில் மூன்று விடைகளைத் தேட வேண்டும்: வாக்கு பிரதிநிதியைக் கட்டுப்படுத்துகிறதா, எத்தனை சுற்று வரை, இடம் பெறக் குறைந்தபட்சச் சதவீதம் எவ்வளவு. விகிதாச்சார மாநிலம் என்றால் வாக்கு வேலையில் முழு பலத்தையும் போடுங்கள். கட்டுப்பட்ட பிரதிநிதியும் வீணில்லை. வேட்பாளருக்குப் போடும் வாக்குதான் கட்டுப்பட்டது, விதிகளிலும் கட்சிக் கொள்கை அறிக்கையிலும் அவர் சுதந்திரமாக வாக்களிக்கலாம்.

பிறகு

இரண்டு கசப்பான உண்மைகளைச் சொல்லாமல் விட்டால் இது விளம்பரமாகிவிடும். 2012 காக்கஸுக்குச் சற்று முன் அயோவா மாநில செனட்டர் ஒருவர் அணி மாறி ஆதரவு தந்தார். அவருக்குப் போன 73,000 டாலரைக் கணக்கில் மறைத்ததாகப் பிரச்சாரத்தின் மேல்மட்டத்தில் இருந்த மூவர் 2016இல் தண்டிக்கப்பட்டார்கள். சில்லறைக் காசாகச் சேர்த்துக் கொடுத்தவர்களுக்கு அது துரோகம். கேள்வி கேட்கும் உரிமை நன்கொடையாளருக்கு உண்டு; காலாண்டுக் கணக்கு பொதுவில் இருக்கிறது, படியுங்கள். இரண்டாவது, மினசோட்டா. மாநாட்டைப் பிடித்த அதே கூட்டம் செனட்டுக்கும் தன் வேட்பாளரை நிறுத்தியது. நவம்பரில் அவர் சுமார் 30 சதவீதம் வாங்கி, ஏமி குளோபுச்சாரிடம் பாதிக்கும் குறைவான வாக்கில் தோற்றார். மண்டபத்தைப் பிடிப்பது வேறு, மாநிலத்தைப் பிடிப்பது வேறு.

ஆனாலும் ஃபெடரல் ரிசர்வ் தணிக்கை மசோதா 2012 ஜூலையில் பிரதிநிதிகள் சபையில் 327க்கு 98 என்று நிறைவேறியது. பல ஆண்டுகள் தனியாளாக ரான் பால் கேட்டுவந்தது அது. செனட்டில் நின்றுபோனாலும், ஒவ்வொரு தொகுதி அலுவலகத்துக்கும் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தவர்கள் இந்தப் பிரச்சாரத்தின் பட்டியலில் இருந்தவர்கள்.

வேட்பாளர் விலகியதும் பதாகைகளை ஒரு வாரத்துக்குள் எடுத்துவிடுங்கள். கம்பிகளைப் பத்திரப்படுத்துங்கள், அடுத்த உள்ளூர் வேட்பாளருக்கு ஆகும். வாக்காளர் பட்டியலில் போட்ட 1 முதல் 5 வரையான எண்களை யார் வைத்திருப்பது என்று எழுத்தில் முடிவு செய்யுங்கள். வட்டத்தின் மாவட்டக் குழு இடத்தை விட்டு விலகாதீர்கள். அயோவாவில் 2012இல் கட்சித் தலைமைப் பொறுப்பே ரான் பால் தரப்பு ஆளிடம் வந்தது. 2014இல் ஆளுநரின் தரப்பு அதே வட்டக் கூட்டங்களுக்கு ஆள் திரட்டி, அதே போலக் கடைசிவரை உட்கார்ந்திருந்து, மாவட்டம் மாவட்டமாக அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அது தேர்தல் பரபரப்பு இல்லாத, கேமரா ஒன்றும் வராத ஆண்டின் ஜனவரி. பல வட்டங்களில் வந்தவர்கள் பத்துப் பேருக்கும் குறைவு.